புல்லுக்கு எத்தனை நாள்?

நெல்லைப் பற்றிப் புத்தகம் எழுதலாம். கரும்பைப் பற்றி எழுதலாம். புல்லைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அது தானாக முளைக்கிறது. மாடு தானாகப் போய் மேய்கிறது. நடுவில் மனுஷனுக்கு வேலையே இல்லை என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் ஒருவர் எழுதியிருக்கிறார். 1957-ல் பிரெஞ்சு மொழியில் வெளியாகி, 1959-ல் ஆங்கிலத்துக்கு வந்த அந்தப் புத்தகத்தின் பெயரைத் தமிழில் 'புல்லின் விளைதிறன்' என்று சொல்லலாம். ஆசிரியர் ஆந்த்ரே வுவாஸன் என்ற பிரெஞ்சுக்காரர். அட்டவணைகளும் வளைகோடுகளும் நிறைந்த அந்தப் புத்தகத்தை நான் ஒரு நாவலைப் போலப் படித்தேன். அதில் இரண்டே பாத்திரங்கள். ஒன்று பசு; மற்றொன்று புல். இருவரும் எப்பொழுது சந்திக்கலாம், எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கலாம், பிரிந்த பின் எத்தனை நாள் கழித்து மறுபடியும் சந்திக்கலாம் என்பதுதான் கதை. நம்முடைய காதல் கதைகளில் பாதிக்கு இதற்கு மேல் விஷயம் கிடையாது.

மேய்ச்சல் தரை எதனால் பாழாகிறது? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: மாடு அதிகமாகிவிட்டது. சர்க்கார் அதிகாரியும் அதையே சொல்வார், மேய்க்கிற பையனும் அதையே சொல்வான். வுவாஸனுடைய பதில் வேறு. வாய்கள் எத்தனை என்பது இரண்டாவது கேள்வி. கடித்த புல்லிடம் வாய் எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்பதே முதல் கேள்வி என்றார் அவர். நூறு மாடுகள் ஒரே நாளில் மேய்ந்து தீர்த்துவிட்டுப் போன இடம், போதிய நாள் விட்டால், பிழைத்துக்கொள்ளும். ஒரே ஒரு மாடு நாள் தவறாமல் வந்து கடிக்கும் இடம் பிழைக்காது. ஆகவே புல்வெளியைப் பல அடைப்புகளாகப் பிரிக்க வேண்டும். மந்தையை ஓர் அடைப்பிலிருந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். மேய்ந்த அடைப்பு மறுபடி தயாராகும் வரை அங்கே ஒரு குளம்பும் படக்கூடாது.

கேட்பதற்கு எவ்வளவு சாதாரணம்! இதை வுவாஸன் கண்டுபிடிக்கவும் இல்லை. அவரே அதை ஒப்புக்கொள்கிறார். அவருக்குச் சுமார் நூற்றெண்பது வருஷங்களுக்கு முன்பே ஒருவர் இதை எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அது மறந்தது, மறுபடி வந்தது, மறுபடி மறந்தது. இத்தனை எளிய விஷயம் ஏன் இப்படித் திரும்பத் திரும்பத் தொலைந்துபோக வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் எழுதியவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். ஸ்காட்லாந்துக்காரர், 1739-ல் எடின்பரோவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் குடும்பப் பண்ணை அவர் தலையில் விழுந்தது. ரசாயனம் தெரியாமல் மண்ணைப் புரிந்துகொள்ள முடியாது என்று தோன்றவே, எடின்பரோ சர்வகலாசாலையில் வில்லியம் கல்லன் என்ற பெரிய பேராசிரியரின் ரசாயனப் பிரசங்கங்களைப் போய்க் கேட்டார். பிற்பாடு அபர்டீன்ஷையரில் ஒரு பெரிய பண்ணையை எடுத்து நடத்தினார். விவசாயத்தைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் 1775 முதல் புத்தகமாக வெளிவந்தன. அவற்றில் ஓரிடத்தில்தான் இந்த யோசனை இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தைப் பதினைந்து இருபது அடைப்புகளாகப் பிரியுங்கள்; மாடு எப்பொழுதும் புதிய புல்லையே கடிக்கும்படி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓட்டிக்கொண்டு போங்கள்; கடைசி அடைப்பு முடிகிறபோது முதல் அடைப்பு தயாராக இருக்கும் என்கிறார். வாடகையைப் பற்றியும் நிலத்தின் தரத்தைப் பற்றியும் இந்த ஆண்டர்சன் 1777-ல் எழுதியதைத்தான் பின்னால் ரிக்கார்டோ பெரிய சித்தாந்தமாக வளர்த்தார். பொருளாதாரக்காரர்கள் அவரை அதற்காக நினைவு வைத்திருக்கிறார்கள், புல்லுக்காக அல்ல.

இவரைச் சென்னைக்காரர்கள் வேறொரு ஆண்டர்சனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதே பெயர், அதே ஸ்காட்லாந்து, ஏறக்குறைய அதே வயது. அந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராகச் சென்னைக்கு வந்தவர். சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டு, 1809-ல் சென்னையிலேயே காலமானார். ஒருவர் கள்ளியை வளர்த்தார், ஒருவர் புல்லை வளர்த்தார். இரண்டு பேருடைய தோட்டத்தையும் ஊர் மறந்துவிட்டது.

ஆண்டர்சனின் யோசனை ஏன் பலிக்கவில்லை? வேலிதான் காரணம். அன்றைக்கு வேலி என்றால் கல்சுவர், அல்லது உயிர்வேலி. கல்சுவர் வைக்கக் காசு வேண்டும். உயிர்வேலி வளர வருஷக் கணக்காகக் காத்திருக்க வேண்டும். ஐந்தாறு பசு வைத்திருக்கிற சின்ன விவசாயி இருபது அடைப்புக்கு எங்கே போவான்? இன்னொன்றும் உண்டு. அதே காலத்தில் எல்லைக்குத் தெற்கே, இங்கிலாந்தில், பார்லிமெண்டு சட்டத்தின் மேல் சட்டமாகப் போட்டு ஊர்ப் பொது மேய்ச்சல் நிலங்களை வேலிபோட்டுப் பெரிய மனுஷர்களின் சொத்தாக்கிக்கொண்டிருந்தார்கள். பொது நிலத்தில் ஒரு பசுவை விட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த ஏழை, அந்தப் பசுவை விற்றுவிட்டுக் கூலிக்குப் போனான். அவன் காதில் அடைப்பு என்ற வார்த்தை எப்படி விழுந்திருக்கும்! புல்லுக்கு நன்மை செய்கிற அதே வேலி மனுஷனுக்குக் கெடுதல் செய்துகொண்டிருந்தது. ஆண்டர்சனின் பக்கங்களைப் படிக்கிறபோது இதையும் மறந்துவிடக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

வேலி மலிவானது நூறு வருஷம் கழித்து. 1874-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். கல்லும் செடியும் செய்த வேலையைக் கம்பிச் சுருள் செய்ய ஆரம்பித்தது. ஆனால் அந்தக் கம்பியை மக்கள் எல்லைக்குத்தான் போட்டார்களே தவிர, தன் நிலத்தைத் தானே இருபதாகப் பிரிப்பதற்குப் போடவில்லை.

அடுத்த தடவை இந்த யோசனை தலைதூக்கியது பட்டினியின் நடுவில். முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் கப்பற்படை ஜெர்மனியைச் சுற்றி வளைத்துக்கொண்டபோது வெளிநாட்டுப் பிண்ணாக்கு வருவது நின்றது. பாலுக்கு என்ன செய்வது? ஹோஹென்ஹைம் விவசாயக் கல்லூரியின் தலைவராக இருந்த ஹெர்மன் வார்ம்போல்ட் ஒரு வழி சொன்னார். புல்வெளியைச் சில அடைப்புகளாகப் பிரிப்பது. நிறையப் பால் தருகிற பசுக்களை முதலில் விடுவது, மற்றவற்றைப் பின்னால் விடுவது. தழைச்சத்து உரத்தைத் தாராளமாகப் போடுவது. இதற்கு ஹோஹென்ஹைம் முறை என்றே பெயர் வந்தது. யுத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்துக்கும் பரவியது. வார்ம்போல்ட் 1931-ல் ஜெர்மனியின் பொருளாதார மந்திரியாகக்கூட ஆனார். ஆனால் முறை நிலைக்கவில்லை. விளைச்சல் கூடியபோது பெருமை முழுவதும் உரத்துக்குப் போயிற்று. அதில் வியப்பில்லை. உரம் விற்கக் கம்பெனிகள் இருந்தன. ஓய்வை விற்க யார் இருந்தார்கள்? உரம் எவ்வளவு போட்டார் என்று எல்லோரும் எழுதிவைத்தார்கள். ஓர் அடைப்பில் மாடு எத்தனை நாள் இருந்தது, அடைப்பு எத்தனை நாள் சும்மா கிடந்தது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் வுவாஸன் வருகிறார்.

1903-ல் நார்மண்டிக் கடற்கரையில் தியெப் என்ற ஊரில் பிறந்தவர். ரசாயனம் படித்தவர். பண்ணை அதே பிரதேசத்தில். பெயர் ல தலு. ஆல்ஃபோர் கால்நடை வைத்தியக் கல்லூரியில் பாடம் சொன்னார். பிரெஞ்சு விவசாய அகாடமியில் அங்கத்தினராகவும் இருந்தார். இத்தனை பட்டங்கள் இருந்தும் அவர் செய்த முக்கியமான வேலை, வேலியோரத்தில் நின்று பசு மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். புல்லைப் படித்த பண்டிதர்கள் கத்தரியால் வெட்டிப் படித்தார்கள். பசுவைப் படித்தவர்கள் கொட்டிலில் கட்டிவைத்துப் படித்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கிறபோது என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க ஆளில்லை என்பது அவருடைய குறை.

அவர் பார்த்தது என்ன? பசு ஒரு நாளைக்குச் சுமார் எட்டு மணி நேரம் மேய்கிறது. புல் குட்டையாக இருந்தால் இன்னும் நாலு மணி சேர்த்து உழைத்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். பழைய குமாஸ்தாவைப் போல, நேரம் ஆனதும் அது கணக்கைக் கட்டிவைத்துவிட்டு அசைபோடப் படுத்துவிடும். மேல்வரிசையில் அதற்கு முன்பற்கள் கிடையாது. நாக்கால் புல்லைச் சுருட்டி இழுத்து அறுக்க வேண்டும். ஆறங்குலம் வளர்ந்த புல்லானால் ஒவ்வொரு சுருட்டலுக்கும் வாய் நிறைகிறது. தரையோடு தரையாக இருந்தால் எத்தனை தடவை நாக்கை நீட்டினாலும் அரை வயிறுதான். ஆகவே பாலின் அளவு புல்வெளியின் பரப்பில் இல்லை. பசு வருகிற அன்றைக்குப் புல் எத்தனை உயரம் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

திறந்த வெளியில் விட்டால் பசு என்ன செய்கிறது என்பதும் பார்க்கத் தகுந்தது. நேற்றுக் கடித்த இடத்தில் இன்றைக்குத் துளிர் விட்டிருக்கிறது. அது இளசு, ருசி. பசு நேராக அங்கேதான் போகும். பக்கத்திலே முற்றிய புல் முழங்கால் உயரம் நின்றாலும் திரும்பிப் பார்க்காது. கொஞ்ச நாளில் ஒரே வயலில் ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் காடு. மாடு அதிகம் என்றும் சொல்லலாம், குறைவு என்றும் சொல்லலாம், இரண்டும் உண்மைதான்.

இனிப் புல்லின் பக்கம். கடியுண்ட புல் மறுபடி எழுவதற்கு அதனிடம் இலை இல்லை. அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த உணவை எடுத்துச் செலவழித்து முதல் இலையை விடுகிறது. அதனால் ஆரம்பத்தில் வளர்ச்சி ஆமை நடை. இலை விரிந்து வெயில் வாங்க ஆரம்பித்த பிறகு கிடுகிடுவென்று ஓடுகிறது. பூக்கிற பருவத்தில் மறுபடி நின்றுவிடுகிறது. அந்த ஓட்டம் முடிகிற சமயத்தில் மேயவிட்டால் இருவருக்கும் லாபம். புல்லும் செலவழித்ததை வேரில் திரும்பப் போட்டிருக்கும். ஆமை நடையிலேயே மறுபடி கடித்துவிட்டால் புல் கடனுக்கு மேல் கடன் வாங்குகிறது. வுவாஸனின் கணக்குப்படி, ஓய்வை வேண்டியதில் பாதியாகக் குறைத்தால் கிடைக்கிற புல் பாதி ஆவதில்லை. மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

அவர் வகுத்த விதிகள் நாலு. புல்லுக்கு உரிய ஓய்வு கொடு. ஓர் அடைப்பில் மந்தை தங்குகிற காலம், அங்கே கடியுண்ட புல் துளிர்த்து இரண்டாம் முறை கடியுண்ணாதபடி குறுகியதாக இருக்கட்டும். அதிகப் பால் தருகிற பசு முதலில் போகட்டும். எந்தப் பசுவும் மூன்று நாளுக்கு மேல் ஓர் அடைப்பில் நிற்க வேண்டாம். இவை எல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் என்னைக் கவர்ந்தது இவை அல்ல. முன்னோர்கள் ஏன் தோற்றார்கள் என்பதற்கு அவர் கண்டுபிடித்த காரணம்தான்.

நார்மண்டியில் மே, ஜூன் மாதங்களில் புல்லுக்கு 18 நாள் ஓய்வு போதும். ஆகஸ்டு, செப்டம்பரில் அதே அளவு வளர 36 நாள் வேண்டும். சரி, ஒரு விவசாயி பத்து அடைப்பு போட்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடைப்பில் இரண்டு நாள். மந்தை ஒரு சுற்று வர இருபது நாள். ஒவ்வோர் அடைப்புக்கும் 18 நாள் ஓய்வு. மே மாதத்தில் எல்லாம் அழகாக நடக்கிறது. அவன் மனசில் பெருமை. கோடை முதிர்கிறது. புல் தளர்கிறது. இரண்டு நாளுக்கு வந்த அடைப்பு ஒரு நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. பசு படலோரம் நின்று கத்துகிறது. அவன் என்ன செய்வான்? யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? அடுத்த அடைப்பைத் திறந்துவிடுவார்கள். இப்பொழுது சுற்று பத்து நாளில் முடிந்துவிடுகிறது. ஓய்வு ஒன்பது நாள். புல் 36 நாள் கேட்கிற மாதத்தில் அதற்குக் கிடைப்பது ஒன்பது! அடுத்த சுற்றில் அரை நாளுக்குக்கூடப் புல் இல்லை. ஆகவே இன்னும் வேகம். கடைசியில் ஒருநாள் பத்து அடைப்பையும் திறந்துபோட்டுவிட்டு, 'இந்த முறையெல்லாம் புத்தகத்துக்குத்தான் லாயக்கு' என்று சொல்லிவிடுகிறான்.

மெதுவாகப் போக வேண்டிய வேளையில் வேகம் எடுப்பது. இதற்கு வுவாஸன் ஒரு தனிப் பெயரே வைத்தார். காலந்தப்பிய வேகம் என்று நாம் சொல்லலாம். மருந்து என்ன என்றால், அடைப்பைக் கூட்டுவது. அதே விவசாயியிடம் பத்தொன்பது அடைப்புகள் இருக்கட்டும். மே மாதத்தில் பத்தில் மட்டும் மேய்த்துவிட்டு, ஒன்பதை வைக்கோலுக்கு விட்டு அறுத்துக்கொள்ளட்டும். வளர்ச்சி தளர்கிறபோது அந்த ஒன்பதும் சுற்றில் சேரட்டும். பத்தொன்பது அடைப்பு, தலைக்கு இரண்டு நாள் என்றால் ஒவ்வொன்றுக்கும் சரியாக 36 நாள் ஓய்வு. கணக்கு ஒன்றும் பெரிதல்ல; நாலாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். ஆனால் இந்த 18, 36 என்ற எண்களும் நார்மண்டியின் எண்கள். அந்த வருஷம் மழை தப்பினால் அவையும் மாறும். எந்த நாளில் எந்தப் படலைத் திறப்பது என்று காலண்டரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. புல்லைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஆண்டர்சனைப் பின்பற்றியவர்களும் ஹோஹென்ஹைம் முறைக்காரர்களும் வேலியை எடுத்துக்கொண்டார்கள், பார்வையை எடுத்துக்கொள்ளவில்லை. வேலியைப் படம் போட்டுக் காட்டலாம், பிரசுரம் அச்சடிக்கலாம். பார்வையை எந்தப் பிரசுரத்தில் அச்சடிப்பது?

(அவருடைய இன்னொரு புத்தகம் மண்ணையும் புல்லையும் புற்றுநோயோடு முடிச்சுப் போடுகிறது. புல்வெளியில் அவருடைய கால் உறுதியாக ஊன்றியிருந்ததுபோல் அங்கே ஊன்றவில்லை என்பது என் அபிப்பிராயம்.)

இப்படிப்பட்ட மனுஷரை யார் தேடி வருவார்கள்? பொறுமையைப் போதித்த இவரை அழைத்தது, பொறுமை சற்றும் இல்லாத ஒரு தேசம்.

1959 ஜனவரியில் க்யூபாவில் புரட்சி வென்றது. 1962-ல் அமெரிக்கா வர்த்தகத் தடை போட்டது. பக்கத்திலேயே இருந்த பெரிய சந்தை மூடிக்கொண்டது. கரும்பை மட்டும் நம்பியிருந்த தீவுக்குப் பால் வேண்டும், இறைச்சி வேண்டும், அதுவும் உடனே வேண்டும். ஃபிடல் காஸ்ட்ரோவுக்கு மாட்டுப் பண்ணை என்றால் தனிப் பிரியம். வுவாஸனின் புத்தகங்களைப் படித்து மயங்கிப்போனார். 1964 டிசம்பரில் வுவாஸன் ஹவானாவுக்கு வந்து இறங்கினார். சர்வகலாசாலையில் தொடர் பிரசங்கங்கள். வேலியோரத்தில் நின்று மாடு பார்த்த மனுஷரின் பேச்சைக் கேட்க ஒரு தேசத்தின் தலைவரே வந்து உட்கார்ந்தார். எந்த விவசாய ஆசிரியனுக்கும் இப்படி ஒரு கௌரவம் கிடைத்திராது.

சில வாரம்தான். டிசம்பர் 21-ஆம் தேதி மாரடைப்பில் வுவாஸன் அங்கேயே இறந்துபோனார். வயது 61. உடலை ஹவானாவின் கொலோன் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். நார்மண்டியின் ஈரப்புல்லில் நடந்த மனுஷர் கரும்பு தேசத்து மண்ணில் உறங்குகிறார். நாவலில் இப்படி ஒரு முடிவை எழுதினால் பத்திரிகை ஆசிரியர், 'கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே' என்பார்.

அவர் இருந்திருந்தால் க்யூபா கேட்டிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அவர் பெயரைக் கல்லூரிக்கு வைத்தார்கள். ஆனால் தேசம் போன வழி வேறு. கானடாவிலிருந்து ஹோல்ஸ்டைன் மாடுகளைக் கொண்டுவந்து நாட்டு மாட்டோடு கலந்தார்கள். சோவியத் கப்பல்களில் தானியம் வந்தது. மாடு அதைத் தின்று பால் கொடுத்தது. 1982-ல் 'வெண்மடி' என்று பெயர் வைத்த ஒரு பசு ஒரே நாளில் 109 லிட்டருக்கு மேல் கறந்து உலக சாதனை செய்தது. 1985-ல் அது இறந்ததும் உடலைப் பதப்படுத்திக் காட்சிக்கு வைத்தார்கள். ஒரு பசுவின் அதிசயத்தை உலகத்துக்குக் காட்டலாம். முப்பது பசுக்கள் முப்பத்தாறு நாள் கழித்து ஒரு வயலுக்குத் திரும்பி வருவதை எந்தக் காட்சிசாலையில் வைப்பது? 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. தானியக் கப்பல் நின்றது. பால் உற்பத்தி சரிந்தது. அப்பொழுதுதான் க்யூபாவின் பண்ணைகளில் வுவாஸனின் பெயர் மறுபடி அடிபட ஆரம்பித்தது.

வேறு இடங்களில் அவருடைய விதை சத்தமில்லாமல் முளைத்திருந்தது. பிரேஸிலின் தென்கோடி மாகாணமான ரியோ கிராண்டி டோ ஸூலில் 1960-களிலேயே இந்த முறையைக் கையாள ஆரம்பித்தார்கள். லூயிஸ் கார்லோஸ் பின்யேரோ மசாடோ என்ற விவசாயப் பேராசிரியர் வாழ்நாள் முழுவதும் அதைப் பரப்பினார். ஆப்பிரிக்காவில் ரொடீஷியாவைச் சேர்ந்த ஆலன் ஸேவரி அதை வறண்ட நிலங்களுக்குக் கொண்டுபோனார். பாலைவனங்களையே மந்தைகளை வைத்து மீட்டுவிடலாம் என்கிற அளவுக்குப் பேசினார்.

இங்கேதான் ஒரு சண்டை. 2008-ல் டேவிட் பிரிஸ்கி முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், வறண்ட மேய்ச்சல் பரப்புகளில் பல வருஷமாக நடந்த சோதனைகளை எல்லாம் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். மாறி மாறி மேய்த்ததற்கும், ஒரே இடத்தில் விட்டு மேய்த்ததற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதினார்கள். அனுபவஸ்தர்கள் சும்மா இருப்பார்களா? சோதனைகளில் மாட்டை நாள் கணக்குப்படி மாற்றினீர்கள், புல்லைப் பார்த்து மாற்றவில்லை. அது வேறு, இது வேறு என்று பதில் சொன்னார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சோதனை என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி செய்ய வேண்டும்; அப்பொழுதுதான் ஒப்பிட முடியும். ஒரே மாதிரி செய்யக்கூடாது என்பதுதான் வுவாஸனின் விதி. ஆனால் மழையே வராத ஊரில் எத்தனை நாள் ஓய்வு கொடுத்தாலும் புல் எங்கிருந்து வரும்? நார்மண்டியில் வாரந்தோறும் தூறுகிறது. அங்கே பிறந்த சாஸ்திரத்தை மழை காணாத நிலத்துக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போனவர்கள் சற்று அதிகமாகவே வாக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சின்னப் பண்ணைகளில், அதுவும் ஈரப்பசை உள்ள இடங்களில், கதை வேறு. ஆண்டர்சனைத் தோற்கடித்த வேலிப் பிரச்சினை அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. நியூஜிலாந்தில் 1930-களில் பில் காலகர் என்பவருடைய காரில் அவருடைய குதிரை உடம்பை உராய்ந்துகொண்டே இருந்ததாம். காரில் மின்சாரம் பாய்ச்சி அதற்கு ஓர் அதிர்ச்சி கொடுத்தார் என்று சொல்வார்கள். மின்வேலி வியாபாரம் அங்கே அப்படித்தான் தொடங்கியது. பிற்காலத்தில் உலோக இழை சேர்த்துப் பின்னிய லேசான பிளாஸ்டிக் கயிறு வந்தது. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். கல்சுவர் வைக்க ஒரு தலைமுறை ஆயிற்று; இந்த வேலியைப் போட்டு எடுக்கப் பத்து நிமிஷம்.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாகாணத்தில் முப்பது நாற்பது பசு வைத்துக்கொண்டு கடனில் தத்தளித்த பால்காரக் குடும்பங்கள் உண்டு. 1980-களில் பெரிய பண்ணைகளோடு போட்டி போட முடியாமல் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார்கள். தீவனம் வாங்கியே மாளவில்லை. வெர்மாண்ட் சர்வகலாசாலையில் இருந்த பில் மர்ஃபி வுவாஸனின் புத்தகத்தைப் படித்துவிட்டு, அதை அந்த விவசாயிகளுக்குப் புரிகிற பாஷையில் 1987-ல் ஒரு சிறு புத்தகமாக எழுதினார். மறுவருஷம் வுவாஸனின் மூல நூலும் அமெரிக்காவில் மறுபதிப்பாக வந்தது. எல்லாக் குடும்பங்களும் பிழைத்துவிட்டன என்று சொல்லமாட்டேன். ஆனால் தானியம் வாங்குவதைக் குறைத்துக்கொண்டு புல்லை நம்பி நின்றவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சிலர் இன்றும் கறக்கிறார்கள்.

அவர்களுடைய வேலை இதுதான். மாலையில் கறவை முடிந்ததும் ஒருவர் கயிற்றுச் சுருளோடு வயலுக்குப் போகிறார். நாளைக்குத் திறக்க வேண்டிய அடைப்பில் நடந்து, பூட்ஸின் மேல் புல் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்று பார்க்கிறார். போதாது என்றால் அதைத் தாண்டி அடுத்ததைப் பார்க்கிறார். கம்பங்களைப் பிடுங்கி நடுகிறார். மணியும் இல்லை, கூப்பிடுவதும் இல்லை. அவர் திரும்பிப் பார்க்கும்போது மந்தை முழுவதும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து வரிசையாக நிற்கிறது.